ஒஸ்லோவிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாகத்தான் இருக்கும். கணினியில் இரண்டு ஊர்களின் பெயரையும் தட்டினால் ஒரு நொடியில் விடை வந்துவிடும். பூமிப்பந்தின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் ஒஸ்லோவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 7,900 கிலோமீற்றர். கொழும்பு இன்னும் கொஞ்சம் தள்ளி, ஏறத்தாழ 8,200 கிலோமீற்றர். பெரிய ஜெட் விமானம் ஒன்று மணித்தியாலத்துக்கு 850 முதல் 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். ஆக, இடையில் எங்கும் இறங்காமல் போனால் ஒன்பதரை மணித்தியாலத்தில் அலுவல் முடிந்துவிடும். காலையில் வேலைக்குப் போய்ப் பின்னேரம் வீடு திரும்புகிற நேரம்தான்.

ஊரில் நாங்கள் தூரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்லி வளர்ந்தவர்கள். "அங்கை எத்தினை கட்டை?" என்றுதான் கேட்போம். கட்டை என்றால் ஒரு மைல். நோர்வேக்கு வந்தால் இங்கே "மில்" என்று ஒன்று சொல்வார்கள். காதுக்கு மைல் மாதிரியே இருக்கும். ஆனால் ஒரு மில் என்பது பத்துக் கிலோமீற்றர்! "இன்னும் இரண்டு மில்தான்" என்று யாரோ சொன்னதை இரண்டு கட்டை என்று விளங்கிக்கொண்டு பனிக்குள் நடக்க வெளிக்கிட்ட பெடியன்களின் கதை எங்கள் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. கட்டைக் கணக்கில் ஒஸ்லோ–யாழ்ப்பாணம் 4,900 கட்டை. நோர்வேக்காரரின் கணக்கில் 790 மில்.

அந்த நூல் போகும் வழியைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியமாக இருக்கும். சுவரில் தொங்குகிற உலகப்படத்தைப் பார்த்து, ஐரோப்பாவைக் குறுக்கே வெட்டி அரேபியா பக்கமாகத்தான் போகவேண்டும் என்று நினைப்போம். பூமி உருண்டை என்பதால் உண்மையான நேர்வழி வேறு. ஒஸ்லோவிலிருந்து கிழக்கே திரும்பி, சுவீடன், பால்டிக் கடல், லத்வியா, ரஷ்யாவின் தென்மேற்கு, கஸ்பியன் கடலின் வடகிழக்குக் கரை, துருக்மெனிஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், குஜராத் என்று வந்து, இந்தியாவின் மேற்குப் பக்கமாகக் கீழே இறங்கும். சரி பாதி வழி எங்கே வருகிறது தெரியுமா? துருக்மெனிஸ்தானின் கரகும் பாலைவனத்தில். எங்கள் வாழ்க்கையின் நடுவில் இப்படி ஒரு பாலைவனம் இருப்பது பொருத்தம்தான் என்று சில வேளை நினைப்பேன்.

ஆனால் எனக்குத் தெரிந்த எங்கள் ஆட்களில் ஒருவராவது அந்த ஒன்பதரை மணித்தியாலத்தில் இங்கே வந்து சேரவில்லை. சிலருக்கு ஒரு மாதம், சிலருக்கு ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். கிலோமீற்றர் மாறவில்லை. பிறகு ஏன் நேரம் இப்படி மாறியது? அதைத்தான் இன்றைக்கு எழுதிப் பார்க்கிறேன்.

கதையை நாநூறு வருடம் முன்னாலிருந்து தொடங்கவேண்டும். அப்போது நோர்வே தனி நாடில்லை. டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது. அரசர் நான்காம் கிறிஸ்தியான். இலங்கையிலும் இந்தியாவிலும் வியாபாரம் செய்யலாம் என்ற ஆசையில் அவர் 1618 நவம்பரில் கொப்பன்ஹேகனிலிருந்து கப்பல்களை அனுப்பினார். தலைவர் ஓவ கியெட என்ற இளைஞர். ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி அவர்கள் இலங்கைக் கரையைத் தொட்டபோது 1620 மே மாதம். ஒன்றரை வருடம்! வழியில் நோய் வந்து செத்த மாலுமிகள் ஏராளம். இலங்கையில் நினைத்தது சரிவரவில்லை. அக்கரைக்குப் போய்த் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கருடன் 1620 நவம்பரில் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள்.

இதில் எங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். அதே அரசர்தான் 1624 இல் ஒஸ்லோ நெருப்பில் எரிந்துபோன பிறகு, பக்கத்தில் புது நகரம் கட்டித் தன் பெயரையே அதற்கு வைத்தவர். கிறிஸ்தியானியா. 1925 இல் மறுபடியும் ஒஸ்லோ என்ற பெயர் வரும்வரை முந்நூறு வருடம் இந்த நகரத்துக்கு அவர் பெயர்தான். நாலு வருட இடைவெளியில் ஒரே ஆள் தரங்கம்பாடியில் ஒரு கோட்டையும் இங்கே ஒரு நகரமும் உண்டாக்கியிருக்கிறார். ஒஸ்லோவுக்கும் தமிழ்க் கரைக்கும் உள்ள தொடர்பு 1980களில் எங்களோடு தொடங்கியதாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

தரங்கம்பாடிக்கு வந்தவர்களில் சீகன்பால்கு ஐயரைத் தமிழர் எல்லோருக்கும் தெரியும். தமிழை அச்சேற்றியதற்காகப் பேசப்படுகிறவர். அவர் 1705 நவம்பர் கடைசியில் கொப்பன்ஹேகனில் கப்பல் ஏறி, 1706 ஜூலை 9 இல் தரங்கம்பாடியில் இறங்கினார். ஏழு மாதமும் சில நாட்களும். இந்தக் கணக்கை மனதில் வைத்திருங்கள். பிறகு தேவைப்படும்.

இன்னொருவர் பீற்றர் ஆங்கர். நோர்வேயில் பிறந்த சொந்த நோர்வேக்காரர். தரங்கம்பாடியின் ஆளுநராக 1806 வரை ஏறத்தாழ இருபது வருடம் இருந்தவர். தென்னிந்தியக் கோயில்களையும் கடற்கரைகளையும் வண்ணத்தில் வரைந்தவர். அந்தப் படங்கள் ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளின் நோர்வேஜிய ஆசிரியர்களுக்கும் இது பெரும்பாலும் தெரியாது. ஒரு முறை பெற்றோர் கூட்டத்தில் நான் சொன்னபோது ஆசிரியை உடனே பெயரை எழுதிக்கொண்டார்.

1869 இல் சுயஸ் கால்வாய் திறந்தது. ஆபிரிக்காவைச் சுற்றும் வேலை இல்லாமல் போனது. நீராவிக் கப்பலும் சேர்ந்துகொள்ள, ஐரோப்பாவிலிருந்து கொழும்புக்கு மாதக் கணக்கு மாறிக் கிழமைக் கணக்கானது. 1870 இல் கடலடித் தந்திக் கம்பி இங்கிலாந்தையும் பம்பாயையும் இணைத்தது. ஆள் போக மூன்று நாலு கிழமை என்றாலும் செய்தி போக ஒரு நாள் போதும் என்ற நிலை. இதையும் மனதில் வைத்திருங்கள்.

குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் நோர்வேக்கு வந்தது 1956 இல். நோர்வேக்கு வந்த முதல் தமிழர் என்று அவரைத்தான் சொல்வார்கள். மீன்பிடியைப் பற்றி இங்கே படித்து, நோர்வேக்காரரின் உதவியைச் சேர்த்து, ஊருக்குக் கொண்டுபோனார். அறுபதுகளின் கடைசியில் அப்படி உருவானதுதான் சீநோர். எங்கள் தலைமுறை காரைநகரில் பார்த்து வளர்ந்த படகுகளுக்குப் பின்னால் இருந்த கதை அது. இந்தத் தூரத்தைத் தன் விருப்பத்தில் போகவும் வரவும் பாவித்த மனிதர் அவர். ஒரு வழிப் பாதையாக அது பின்னால்தான் மாறியது.

இனி ஆகாயத்துக்கு வருவோம். ஒஸ்லோவின் பழைய விமானநிலையம் போர்னபு. 1939 ஜூனில் திறந்தது, கடலோரத்தில். பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்டது. போர் முடிந்த பிறகு, 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயர் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பி, பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் போனது. இலங்கையின் தேசிய விமான சேவையின் முதல் பறப்பே யாழ்ப்பாணம் வழியாகத்தான் நடந்தது! சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்னால். அன்று யாழ்ப்பாணத்தான் ஒருவன் வெளிநாடு போக விரும்பினால் கொழும்புக்குப் போகாமலே சென்னைக்குப் பறந்திருக்கலாம்.

இந்தப் பக்கம் ஸ்கண்டிநேவிய நாடுகளின் எஸ்.ஏ.எஸ். நிறுவனம் 1949 இல் பாங்கொக்குக்குப் பறக்கத் தொடங்கியது. காற்றாடி விமானம். இடையில் பல ஊர்களில் இறங்கி எண்ணெய் நிரப்பிப் போகவேண்டும். பிறகு ஜெட் வந்தது. 1967 இல் அதே நிறுவனம் சோவியத் அரசின் அனுமதியோடு கொப்பன்ஹேகனிலிருந்து தாஷ்கண்ட் வழியாகப் பாங்கொக்குக்குப் புது வழி போட்டது. நான் மேலே சொன்ன அந்த நேர்நூல் இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்தத் திசையில். ஆக எழுபதுகளில் ஸ்கண்டிநேவியாவுக்கும் எங்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு நாள் தூரம் என்று சொல்லலாம். ஒன்றரை வருடம் ஒரு நாளாகச் சுருங்க முந்நூற்றைம்பது வருடம் எடுத்திருக்கிறது.

அந்த ஒரு நாள் எங்களுக்கு மறுபடியும் மாதங்களாக நீண்டது எப்படி? அதற்குப் பத்து வருடம்கூடத் தேவைப்படவில்லை.

1983 ஜூலைக்குப் பிறகு வெளிக்கிட்டவர்கள் முதலில் இலகுவான வாசல்களைத் தேடினார்கள். ஏரோபுளொட்டில் மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லின். அங்கே இடைத்தங்கல் விசா கொடுப்பார்கள். பிறகு நகர ரயிலில் ஏறினால் மேற்கு பேர்லின். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து தங்கள் சனத்தை ஒருவரையும் விடாத அரசு, எங்களைத் தாராளமாக விட்டது. மேற்கு ஜேர்மனி நெருக்கியதும் 1985 இல் அந்த வாசல் மூடப்பட்டது. அதே வருடம் மே மாதம் பிரித்தானியா இலங்கையருக்கு விசா வேண்டும் என்று சட்டம் போட்டது. பொதுநலவாய நாடு ஒன்றுக்கு அப்படிப் போட்டது அதுதான் முதல் தடவை. 1987 பெப்ரவரியில் லண்டன் ஹீத்ரோவில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் உடுப்பைக் கழற்றிப் போராடினார்கள். படம் உலகம் முழுக்கப் போனது. அந்த வருடமே பிரித்தானியா இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. சரியான பத்திரம் இல்லாத ஒருவரை ஏற்றிவந்தால், விமான நிறுவனம் ஆளுக்கு ஆயிரம் பவுண் தண்டம் கட்டவேண்டும். மற்ற நாடுகளிலும் இதே மாதிரிச் சட்டங்கள் வந்தன.

இந்தச் சட்டம் எங்கள் பயணத்தை மாற்றிய விதத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதுவரை எல்லை என்பது எல்லையில் இருந்தது. போய் இறங்கிய இடத்தில் பொலிஸ்காரனிடம் "அகதி" என்று சொல்லலாம். அவன் கேட்கவேண்டும். தண்டச் சட்டம் வந்த பிறகு எல்லை, கொழும்பிலும் பாங்கொக்கிலும் ரிக்கற் பார்க்கிற பிள்ளையின் மேசைக்கு வந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு அகதிச் சட்டம் தெரியாது, தெரியவும் தேவையில்லை. தண்டம் மட்டும் தெரியும். விமானத்தில் ஏறவே முடியாதவனுக்கு விமானத்தின் வேகத்தால் என்ன பயன்? ஏஜென்சிக்காரர்கள் முளைத்தது இங்கேதான். முந்தி ரிக்கற் காசோடு முடிந்த பயணம் காணி உறுதியையும் தாலிக்கொடியையும் கேட்கத் தொடங்கியதும் இங்கேதான்.

நோர்வேக்கு வந்தவர்களில் எங்களுக்கு மூத்த ஒரு தலைமுறைக்கு வேறு ஒரு வாசல் கிடைத்தது. 1975 இல் நோர்வே வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் "ஃபொல்கஹொய்ஸ்கூல" எனப்படும் மக்கள் உயர் பாடசாலைகளுக்கு மாணவராக வரலாம். எண்பதுகளில் எங்கள் பெடியன்கள் அப்படி வந்தார்கள். சிலர் வடக்கே பின்மார்க் வரை போனார்கள். பலர் அங்கே மீன் தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்தார்கள். ஒஸ்லோவிலிருந்து சிர்க்கனெஸ் விமானத்தில் இரண்டு மணித்தியாலம். ஒரே நாட்டுக்குள்ளேயே! குளிர்காலத்தில் சூரியனே எழும்பாத ஊர். அங்கே இருந்தவர்களுக்கு யாழ்ப்பாணம் 790 மில்லை விடவும் தூரமாகத்தான் தெரிந்திருக்கும்.

நான் வெளிக்கிட்டது 1989 இல். எனக்குப் பாடசாலை அனுமதியும் இல்லை, விசாவும் இல்லை. கொழும்பிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து பாங்கொக். பாங்கொக்கில் ஒரே அறையில் ஒன்பது பேர், நாலு மாதத்துக்கு மேல். நாளைக்கு என்பார்கள், அடுத்த கிழமை என்பார்கள். ஏஜென்சிக்காரர் ஒரு தடவை கடவுச்சீட்டுகளோடு காணாமல் போய், பதினெட்டாம் நாள் சிரித்துக்கொண்டு வந்தார். பிறகு மொஸ்கோ, அங்கே சில கிழமை. பிறகு கொப்பன்ஹேகன். அங்கிருந்து ரயிலில் ஒஸ்லோ. வீட்டுப்படலையைச் சாத்தியதிலிருந்து ஒஸ்லோவில் இறங்கியதுவரை எண்ணினால் ஏழு மாதமும் ஒரு கிழமையும்.

சீகன்பால்கு ஐயரின் கணக்கை நினைவில் வைத்திருக்கச் சொன்னேனல்லவா? 1706 இல் பாய்க்கப்பலில் ஆபிரிக்காவைச் சுற்றிப் போன மனிதருக்கும், 1989 இல் ஜெட் விமானத்தில் வந்த எனக்கும் ஒரே நேரம். நான் உண்மையாக ஆகாயத்தில் இருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். இருபத்துநாலு மணித்தியாலம்கூட வரவில்லை. மிச்சம் முழுவதும் காத்திருப்பு. ஐயருக்குக் காற்று வரவேண்டும் என்று காத்திருப்பு. எங்களுக்குக் கடதாசி வரவேண்டும் என்று.

இதில் நான் தப்பிப் பிழைத்தவன். 1996 டிசம்பர் 25 இரவு, மால்டாவுக்கும் சிசிலிக்கும் நடுவில் கடலில், கப்பலில் இருந்து சின்னப் படகுக்கு மாற்றும்போது படகு தாண்டு குறைந்தது 283 பேர் செத்தார்கள். இந்தியர், பாகிஸ்தானியர், எங்கள் தமிழர். உலகம் நத்தார் கொண்டாடிக்கொண்டிருந்தது. மீனவர்களின் வலையில் அடையாள அட்டையும் எலும்பும் வரும்வரை அப்படி ஒன்று நடந்ததையே அதிகாரிகள் நம்பவில்லை. அவர்கள் போக நினைத்த தூரமும் விமானத்தில் பத்து மணித்தியாலத்துக்குள்தான்.

கொப்பன்ஹேகனிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்த ரயிலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஏறத்தாழ அறுநூறு கிலோமீற்றர். டென்மார்க், சுவீடன், நோர்வே என்று மூன்று நாடுகள், இரண்டு எல்லைகள். அப்போது பாலம் இல்லை, ரயிலையே படகில் ஏற்றிக் கடலைக் கடப்பார்கள். ஐம்பதுகளிலேயே இந்த நாடுகள் தங்களுக்குள் கடவுச்சீட்டுச் சோதனையை எடுத்துவிட்டன. என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ரிக்கற் பார்க்க வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் அன்று நினைத்தது கொழும்பு–யாழ்ப்பாணம் பாதையைத்தான். நாநூறு கிலோமீற்றர். ஒரே நாடு. ஆனால் எத்தனை இடத்தில் இறங்கி, எத்தனை பேருக்கு அடையாள அட்டை காட்டவேண்டும்!

உண்மையில் ஒஸ்லோ–யாழ்ப்பாணத் தூரத்தில் மிக நீண்ட பகுதி அந்தக் கடைசி நாநூறு கிலோமீற்றர்தான். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 ஜூனோடு யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்றது. வீதியும் மூடியது. சனம் கிளாலிக் கடனீரேரியில் இரவில் படகில் போனது. அதிலும் சுட்டு விழுந்தவர்கள் உண்டு. வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். கொழும்பில் தங்கப் பொலிஸில் பதியவேண்டும். 1998 செப்டம்பர் 29 இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் பறந்த லயன் எயர் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் போனார்கள். ஒரு மணித்தியாலப் பறப்பு அது.

என் அப்பா 1993 இல் காலமானார். யாழ்ப்பாணத்தில் அப்போது வெளிநாட்டுக்குக் கதைக்கத் தொலைபேசி இல்லை. கிளாலி தாண்டி வவுனியா வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்த உறவினர் ஒருவர் தொலைபேசி எடுத்தபோது, அப்பாவின் எட்டுச் செலவு முடிந்து, அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. முப்பத்தைந்து நாள். 1870 இல் தந்தி ஒரு நாளில் வந்துவிடும் என்று மேலே எழுதினேன். நூற்றிருபது வருடம் கழித்து, அப்பா செத்த செய்தி எனக்கு வர முப்பத்தைந்து நாள்.

உடனே தெரிந்திருந்தாலும் நான் போயிருக்க முடியாது. அகதியாக ஏற்கப்பட்டவருக்கு நோர்வே ஒரு பயணப் பத்திரம் தரும். அதில் எந்த நாடுகளுக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். எல்லா நாடுகளுக்கும், இலங்கை தவிர. பிரேசிலுக்குப் போகலாம், யப்பானுக்குப் போகலாம். அம்மா இருக்கிற ஒரு நாட்டுக்கு மட்டும் போகமுடியாது. அதில் அநியாயம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அங்கே போனால் ஆபத்து என்றுதானே நாங்கள் பத்திரம் கேட்டோம். ஆனாலும் அந்த ஒரு வரியை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த வரியின் கணக்குப்படி ஒஸ்லோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் தூரம் என்று ஒன்றே கிடையாது. பாதை இருந்தால்தானே தூரம்?

நேரத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. முந்தி இலங்கைக்கும் நோர்வேக்கும் குளிர்காலத்தில் நாலரை மணித்தியால வித்தியாசம். 1996 இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று இலங்கை அரசு மணிக்கூட்டை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம், சில மாதத்தில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரம்தான் தொடர்ந்தது. 2006 ஏப்ரலில் அரசு பழைய நேரத்துக்கே திரும்பும்வரை, ஒஸ்லோவில் இருந்து கொழும்புக்குக் கதைப்பதென்றால் ஐந்து மணித்தியாலம் கூட்டவேண்டும், கிளிநொச்சி என்றால் நாலரை. ஒரு சின்னத் தீவு, இரண்டு நேரம். என் வீட்டுச் சுவரில் மூன்று மணிக்கூடு தொங்கியது. வந்து பார்த்த நோர்வேஜிய நண்பர் நான் ஏதோ வியாபாரம் செய்வதாக நினைத்தார்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. அந்தக் காலத்தில் நோர்வேயின் சமாதானத் தூதர்கள் இந்தத் தூரத்தைப் பக்கத்து ஊருக்குப் போவதுபோலப் போய் வந்தார்கள். ஒஸ்லோவில் இரவு ஏறுவார்கள், அடுத்த நாள் கொழும்பு, அதற்கடுத்த நாள் கிளிநொச்சி. 2002 டிசம்பரில் இரு தரப்பும் ஒஸ்லோவுக்கே வந்து இருந்து கதைத்தார்கள். வன்னியில் இருந்து ஒரு குழு இரண்டு நாளில் இங்கே வந்து சேர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என்னால் நம்பமுடியவில்லை. அதே பாதையில் ஏழு மாதம் வந்தவன் நான். அரசியலில் அவரவர் கருத்து அவரவருக்கு. நான் கண்டுகொண்டது ஒன்றுதான். தீர்மானித்துவிட்டால் தூரம் குறையும். தீர்மானித்துவிட்டால் கூடும். 2006 ஆகஸ்டில் ஏ-9 திரும்பவும் மூடியது. 2009 மே மாதம்வரை நடந்ததை நான் இங்கே எழுதவேண்டியதில்லை.

போருக்குப் பிறகு பாதைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி 24 வருடம் கழித்து யாழ்ப்பாணம் வந்தது. அதே மாதம்தான் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வடக்கே போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற விதியும் வந்தது. ரயில் வந்தது, ஏறத்தான் அனுமதி வேண்டும்! 2015 ஜனவரியில் அது நீக்கப்பட்டது. 2019 ஒக்ரோபர் 17 இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையமாகத் திறந்தது. நவம்பரில் சென்னை விமானம் வந்தது. கொரோனாவால் 2020 இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 1947 இல் எயர் சிலோன் பறந்த அதே யாழ்ப்பாணம்–சென்னைப் பாதைதான். முன்னேற்றம் என்று கொண்டாடுகிறோம். கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் எழுபத்திரண்டு வருடத்துக்கு முன் இருந்த இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்பதையும் சொல்லவேண்டும்.

இன்றைக்கு நோர்வேக் கடவுச்சீட்டு உள்ள ஒருவர் கார்டர்மூனில் ஏறி, டோகாவிலோ டுபாயிலோ இஸ்தான்புல்லிலோ மாறி, கொழும்பில் இறங்கலாம். கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் ஒரு இரவு. எல்லாம் சேர்த்து ஒரு நாளும் கொஞ்சமும். நேரடி விமானம் ஏன் இல்லை என்று பலர் கேட்கிறார்கள். பாங்கொக் கொழும்பை விடத் தூரம், ஒஸ்லோவிலிருந்து ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். ஆனாலும் 2009 இல் தாய் எயர்வேய்ஸ் அங்கிருந்து ஒஸ்லோவுக்கு நேரடியாகப் பறக்கத் தொடங்கியது. காரணம் எளிது. உல்லாசப் பயணி கூட்டம் கூட்டமாகப் போய்த் திரும்பி வருவான். நாங்கள் ஆடி மாதத்தில் கொஞ்சம், நத்தாருக்குக் கொஞ்சம், செத்தவீட்டுக்கு ஒற்றையாக என்று போகிறவர்கள். செத்தவீட்டுக் கணக்கில் ஒரு விமானத்தை நிரப்பமுடியாது.

நாங்கள் பட்டது முடிந்துவிட்டது, ஆனால் முறை முடியவில்லை. 2015 இலையுதிர்காலத்தில் சிர்க்கனெஸுக்குப் பக்கத்தில் ஸ்தூர்ஸ்கூக் எல்லையில், ரஷ்யாவிலிருந்து ஏறத்தாழ 5,500 பேர் நோர்வேக்குள் வந்தார்கள். பெரும்பாலும் சைக்கிளில்! அந்த எல்லையை நடந்து கடக்க ரஷ்யா விடாது. பத்திரமில்லாதவரைக் காரில் ஏற்றினால் நோர்வேயில் சாரதி மேல் வழக்கு. சைக்கிளைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமில்லை. ஆகவே குழந்தைகளோடு, பனிக்குள், வாங்கிய கையோடு சைக்கிளில் வந்தார்கள். அவர்களில் சிரியர்களும் ஆப்கானியர்களும் இருந்தார்கள். டமாஸ்கஸிலிருந்து ஒஸ்லோ ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர், விமானத்தில் நாலரை மணித்தியாலம். அப்போது எங்கள் ஆட்கள் சிலர், "இவங்கள் எல்லாம் ஏன் இஞ்சை வாறாங்கள்?" என்று கதைத்ததைக் காதால் கேட்டேன். பாங்கொக்கில் ஒன்பது பேரோடு ஒரு அறையில் படுத்தவர்கள் பேசுகிற பேச்சா அது?

மேலே எழுதியதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு விளங்குவது இவ்வளவுதான். கப்பலும் விமானமும் இந்தத் தூரத்தை ஒன்றரை வருடத்திலிருந்து ஒரு நாளுக்குக் கொண்டுவந்தன. அந்த ஒரு நாள் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதைக் கடவுச்சீட்டின் நிறம் தீர்மானிக்கிறது. அதே உடம்பு, அதே ஆள். 1993 இல் எனக்குப் போகவே முடியாத ஊர், பிறகு சிவப்பு நிறக் கடவுச்சீட்டு கிடைத்தபோது ஒரு நாள் தூரத்துக்கு வந்துவிட்டது. நான் ஒரு அடிகூட நகரவில்லை.

உங்கள் பிள்ளைகள் பாடசாலையில் "உங்கள் ஊர் எவ்வளவு தூரம்?" என்று கேட்கப்பட்டு வந்து உங்களிடம் கேட்பார்கள். 7,900 கிலோமீற்றர் என்று சொல்லுங்கள், அது சரியான விடைதான். ஆனால் கிலோமீற்றரோடு நிறுத்தாதீர்கள். எந்த வருடத்தில் என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். அம்மாவுக்கு எவ்வளவு, மாமாவுக்கு எவ்வளவு, வந்து சேராதவருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதை எங்களைத் தவிர வேறு யாரும் எழுதப்போவதில்லை.